‘இன்று ரொக்கம் நாளை கடன்’ என்னும் சூத்திரத்துக்கு ஒரு விருத்தியுரை

நூல்களுக்கெல்லாம் உரையும், உரைகளுக்கெல்லாம் விளக்கமும், விளக்கங்களுக்கு மறுப்பும், அம்மறுப்புக்கு மறுப்பும் எழுதி ஓய்ந்த தமிழுலகம், மளிகைக் கடைகளிலும் டீக்கடைகளிலும் பெட்டிக்கடைகளிலும் வாழைத்தாருக்கு மேலே, ஊதுவத்திப் புகை படிந்த சுவாமி படத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு தகரத் துண்டிலோ மரப்பலகையிலோ சிவப்புப் பெயின்டால் எழுதித் தொங்கவிடப்பட்டிருக்கும் நான்கே சொற்களாலான ஒரு மகாவாக்கியத்தை மாத்திரம் ஏறெடுத்தும் பாராமல் விட்டது பெரியதோர் ஆச்சரியம். ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ என்பது அவ்வாக்கியம். ஒற்றுக்களையும் சேர்த்து எண்ணினால் சரியாகப் பன்னிரண்டு எழுத்துக்கள் வருவதால் இதனைத் துவாதசாக்ஷரி என்று சொல்ல நமக்கு ஆசைதான். வைஷ்ணவர்கள் ஆக்ஷேபிப்பார்களே என்று தயங்குகிறோம். தொல்காப்பியத்தின் பாயிரத்துக்கும் முதற் சூத்திரத்துக்கும் மாத்திரமே தனியாக ஒரு விருத்தியுரை வரைந்த சிவஞான முனிவர், ஒரு சூத்திரத்தை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு வழிகாட்டிச் சென்றிருக்கிறார். அவருடைய கல்வி இல்லாதவர்களும் அவர் காட்டிய வழியில் கொஞ்ச தூரம் நடந்து பார்க்கலாம் என்ற துணிவே இவ்வாராய்ச்சிக்குக் காரணம்.

முதற்கண் பாடத்தை நிச்சயித்துக்கொள்ளுதல் முறை. பலகைக்குப் பலகை பாடபேதம் உண்டு. ‘நாளை’ என்பது ‘நாலை’ என்று எழுதப்பட்ட பிரதிகள் கிடைக்கின்றன. பெயின்டரின் கைப்பிழை என்று அதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் நாலு என்னும் எண்ணுப்பெயர் இரண்டாம் வேற்றுமை ஏற்று நின்றதாகக் கொண்டு, ‘இன்று ரொக்கம் கொடுத்தவன் நாலு ரூபாயைக் கடனாகப் பெறுக’ என்று பொருள் விரித்துக் கடைக்காரரை வாதுக்கு இழுக்கக்கூடிய புலவர் ஊருக்கு ஒருவராவது இருப்பார் என்பதால், வியாபாரிகள் இப்பாடத்தை ஆதரிப்பதில்லை. இனி, ஒற்று மிகுத்து ‘நாளைக் கடன்’ என்று எழுதுவாரும் உளர். இது முன்னதைக் காட்டிலும் அபாயகரமான பாடம். நாள் என்பதே ஐயுருபு ஏற்று நின்றதாக ஆகி, கடனாகக் கேட்கப்படும் பொருள் அரிசியோ பருப்போ அன்று, நாளே என்று பொருள்பட்டுவிடும். நாளைக் கடன் வாங்கியவர்கள் புராணங்களில் இல்லாமல் இல்லை. யயாதி மகாராஜா தன் கடைசி மகனாகிய பூருவிடமிருந்து இளமையைக் கடனாகப் பெற்று, ஆயிரம் வருஷம் அனுபவித்துவிட்டுப் பிறகு திருப்பிக் கொடுத்தான். தாமதமானாலும் முதலைத் திருப்பிய நேர்மைக்காக அவனைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும் பெட்டிக்கடையில் இவ்வகைப் பண்டமாற்று நடைபெறுவதாகத் தெரியாமையால், ஒற்று மிகாத பாடத்தையே நாம் மூலபாடமாகக் கொள்கிறோம்.

ஆசிரியர் பெயர் எந்தப் பலகையிலும் காணப்படுவதில்லை. பலகையின் கீழ் மூலையில் சிறிய எழுத்தில் ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் ஒரு பெயர் சில பிரதிகளில் உண்டு. அது எழுதிய பெயின்டருடையதாதலின் அவரைப் பதிப்பாசிரியர் என்று கொள்ளலாமேயன்றி நூலாசிரியர் என்று கொள்ளுதல் கூடாது. பதிப்பாசிரியர்கள் தம் பெயரை நூலாசிரியர் பெயரைவிடப் பெரிதாகப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இத்துறையில் இன்னும் பரவாதது நல்லதே.

அடுத்தபடியாக, இது ஒரு வாக்கியமா, இரண்டு வாக்கியங்களா என்ற கேள்வி எழுகிறது. ஒரே வாக்கியமாகக் கொள்ள இடமிருக்கும்போது அதைப் பிளந்து இரண்டாக்குவது வாக்கியபேதம் என்னும் தோஷம் என்பது மீமாம்சகர் கொள்கை. இரண்டாகக் கொண்டால், ‘இன்றைக்கு வெயில், நாளைக்கு மழை’ என்பதுபோல, ஒன்றையொன்று சாராத இரண்டு செய்திகளைக் கடைக்காரர் அறிவிக்கிறார் என்று ஆகும். அவ்வாறாயின் அவர் வானிலை ஆராய்ச்சியாளரைப்போல ஜோசியம் சொல்லுகிறாரேயன்றி வாக்குக் கொடுக்கவில்லை. ஒன்றாகக் கொண்டாலோ, ‘இன்று ரொக்கம் கொடுத்து வாங்குகிறவன் எவனோ அவனுக்கே நாளை கடன்’ என்று முற்பகுதி காரணமும் பிற்பகுதி காரியமுமாய் இயைந்து, தெளிவான நிபந்தனை ஒன்று பிறக்கிறது. இந்தப் பொருளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நமக்கு உதவும்.

இவ்விரண்டையும்விடப் பெரிய சங்கடம், வாக்கியத்தில் வினைச்சொல்லே இல்லாதது. தமிழில் பெயர்ப் பயனிலைக்கு வினை வேண்டியதில்லை என்பது சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் வினை இல்லாத இடத்தில் கர்த்தாவும் ஓடி ஒளிந்துகொள்கிறார். கடன் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார்? கடைக்காரர் கொடுப்பார், நாம் வாங்குவோம் என்று எண்ணிக்கொள்வது நம்முடைய பேராசையே தவிர, மூலத்தில் அதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. ‘இன்று உங்களிடமிருந்து ரொக்கம் வாங்கிக்கொள்கிறேன், நாளை உங்களிடமே கடனும் கேட்பேன்’ என்று கடைக்காரர் முன்கூட்டியே எச்சரிப்பதாகவும் பொருள்கொள்ள இலக்கணம் இடந்தருகிறது. சீட்டுப் பணம் கட்டவேண்டிய வாரத்தில் வாடிக்கைக்காரர்களிடம் கைமாற்று வாங்கும் கடைக்காரர்களை அறிந்தவர்கள் இவ்வுரையை அலட்சியம் செய்ய மாட்டார்கள்.

ஒரு சாரார், கடன் என்னும் சொல் பழைய நூல்களில் கடமை என்னும் பொருளில் வழங்குவதைக் காட்டி, ‘இன்றைக்குப் பணம், கடமையெல்லாம் நாளைக்கு’ என்று உரைப்பர். இது சில அலுவலகங்களின் நடைமுறைக்கு மிகவும் பொருந்துவதால் நம்மை வசீகரிக்கிறது. ஆயினும் அப்பொருள் இன்றைய பேச்சில் பெரும்பாலும் காலைக்கடன் என்ற ஒரு தொடரில்தான் உயிரோடிருக்கிறது. அந்தக் கடனை நாளைக்கு என்று ஒத்திப்போட எவராலும் இயலாதாகையால், இவ்வுரையைக் கைவிடுகிறோம்.

சரித்திர நோக்கில் பார்ப்பவர்களுக்கு இவ்வாக்கியத்தின் வைப்புமுறையே தலைகீழாகத் தோன்றும். இன்று ரொக்கம், நாளை கடன் என்று ரொக்கத்தை முன்னும் கடனைப் பின்னும் வைத்திருக்கிறார் ஆசிரியர். உலகத்திலோ கடன் முந்தியது, ரொக்கம் பிந்தியது. உமணர் உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிச் சென்ற காலத்தில் கல்லாப்பெட்டி ஏது? ஆனால் கடன் இருந்தது. அளந்து வாங்கி அதே அளவு திருப்பிக் கொடுப்பதற்குக் குறியெதிர்ப்பை என்று ஒரு பெயரே வைத்திருந்தார்கள் நம் முன்னோர். முதிர மலைத் தலைவனாகிய குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார், அச்செல்வத்தை யார் யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று தம் மனைவிக்குச் சொல்லும்போது, முன்பு குறியெதிர்ப்பை தந்து உதவியவர்களையும் மறவாமல் குறிப்பிடுகிறார். புலவர் வெளியூர் சென்றிருந்த நாட்களில் அவ்வம்மையார் அண்டை வீடுகளில் படியால் அளந்து வாங்கித்தான் உலை வைத்திருக்கிறார் என்பதும், புலவருக்கும் அது தெரியும் என்பதும் இதனாற் பெறப்படுகின்றன. அந்த அண்டை வீட்டார் எவரும் பலகை எழுதித் தொங்கவிட்டதாகப் புறநானூற்றில் செய்தி இல்லை.

இனித் தத்துவ விசாரத்துக்குள் நுழைவோம். ‘நாளை’ என்பது உண்டா, இல்லையா? மணிமேகலை வஞ்சி மாநகரத்தில் பற்பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டுக்கொண்டு வந்தபோது வைசேடிகவாதி ஒருவனையும் கண்டாள். கையில் அமுதசுரபி இருந்தமையால் அவளுக்குக் கடைக்குப் போகும் தேவை ஏற்படவில்லை. ஏற்பட்டிருந்தால், வைசேடிகர் ஒன்பது திரவியங்களுள் ஒன்றாக எண்ணும் காலத்தைப் பற்றி இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பாள். அவர்கள் மதப்படி காலம் ஒன்றே, நித்தியமானது, எங்கும் நிறைந்தது. நேற்று, இன்று, நாளை என்பன உபாதியால் வந்த பிரிவுகள் மாத்திரமே. அப்படியாயின் இன்றும் நாளையும் வஸ்துவில் ஒன்றாகின்றன. ஒன்றாகவே ரொக்கமும் கடனும் ஒன்றாகிவிட வேண்டும். இந்த முடிவைக் கடைக்காரர் முன் வைத்துப் பார்த்தால் அவர் எந்த மதத்தைச் சேர்ந்தவர் என்பது உடனே விளங்கும். பௌத்தருடைய க்ஷணிகவாதமோ இதற்கு நேர்மாறானது. க்ஷணத்துக்கு க்ஷணம் எல்லாம் அழிந்து புதிதாகத் தோன்றுவதால், நேற்று எண்ணெய் வாங்கிச் சென்றவன் வேறு, இன்று வந்து நிற்பவன் வேறு. எனவே பாக்கியை இவனிடம் கேட்பது அநியாயம். பௌத்தத்தை ஆதரித்து வளர்த்தவர்களில் வணிகர்கள் முக்கியமானவர்கள் என்பது சரித்திரம். எனினும் தம் கணக்குப் புஸ்தகத்துக்குள் மாத்திரம் அவர்கள் க்ஷணிகவாதத்தை அனுமதித்திருக்க மாட்டார்கள் என்று திடமாகச் சொல்லலாம். மேல்நாட்டிலும் இவ்விசாரம் ஓயவில்லை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மக்டாகர்ட் என்ற தத்துவ ஆசிரியர் 1908ஆம் ஆண்டில், காலம் என்பதே மெய்யன்று என்று வாதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்கட்டுரையைத் தமிழில் நான்கு சொற்களாகச் சுருக்கித் தகரத்தில் எழுதினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தால், நம்முடைய ஆசிரியரின் பெருமை புலப்படும்.

இவ்வளவும் முன்னுரை. இவ்வாக்கியத்தின் உயிர்நிலை, தர்க்க நூலார் இன்மையை நான்காக வகுக்கும் இடத்தில் இருக்கிறது. அன்னம்பட்டர் வடமொழியில் இயற்றியதும், மேற்சொன்ன சிவஞான முனிவரே தமிழாக்கித் தந்ததுமான தர்க்க சங்கிரகத்தில் அவ்வகுப்பைக் காணலாம். குயவன் வனைவதற்கு முன் குடம் இல்லாதிருக்கும் இன்மை பிராகபாவம். குடம் உடைந்தபின் ஏற்படும் இன்மை பிரத்வம்ஸாபாவம். காற்றில் நிறம் முக்காலத்திலும் இல்லாதிருப்பது அத்தியந்தாபாவம். குடம் வஸ்திரமன்று, வஸ்திரம் குடமன்று என்பது அந்நியோந்நியாபாவம். இனிக் கேளுங்கள்: பலகையை அண்ணாந்து பார்க்கும் வாடிக்கைக்காரர், கடன் இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு உண்டாகப் போகிறது என்று எண்ணி, அதைப் பிராகபாவம் என்று கொள்கிறார். பிராகபாவத்துக்கு ஆதி கிடையாது, அந்தம் உண்டு என்பது சாஸ்திரம். வாடிக்கைக்காரருடைய நம்பிக்கையும் அத்தகையதே. எப்போது தொடங்கியது என்று அவருக்கே தெரியாது, அடுத்த நாள் காலையில் முடிந்துவிடும். கடைக்காரரோ அதே கடனை அத்தியந்தாபாவம் என்று கொள்கிறார்: நேற்றும் இல்லை, இன்றும் இல்லை, நாளையும் இல்லை. இருவரும் ஒரே பலகையைப் பார்த்துக்கொண்டு, ஒரே ‘இல்லை’யை இரண்டு விதமாகப் புரிந்துகொண்டு, புன்னகையோடு பிரிகிறார்கள் என்றால், அப்பலகையின் சாமர்த்தியத்தை என்னவென்பது! மிகுந்த இரண்டில், ரொக்கம் கடனன்று, கடன் ரொக்கமன்று என்பது அந்நியோந்நியாபாவம். இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. பிரத்வம்ஸாபாவமாவது, கடைக்காரர் முன்னொரு காலத்தில் நம்பிக் கொடுத்த பணம். இவ்வகை இன்மைக்கு ஆதி உண்டு, அந்தம் இல்லை என்று தர்க்க நூலார் சொன்னது அனுபவத்தில் கண்டு சொன்னதாகவே இருக்க வேண்டும். ஏனெனில் அது இன்ன தேதியில் தொடங்கியது என்பதைக் கடைக்காரர் நோட்டைத் திறக்காமலே சொல்லுவார், என்றைக்கு முடியும் என்பதை மாத்திரம் எவராலும் சொல்ல முடியாது.

எவராலும் முடியாது என்றோமே, சட்டத்தால் முடியும். கடனாக விற்ற சரக்கின் விலையை வசூலிக்க வழக்குத் தொடுப்பதற்கு 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 3 ஆண்டுகளே அவகாசம் தருகிறது. தவணை ஒன்றும் குறிக்காமல் கொடுத்த சரக்குக்கு அவகாசம் ஒப்படைத்த நாளிலிருந்தும், தவணை குறித்துக் கொடுத்ததற்குத் தவணை முடிந்த நாளிலிருந்தும் எண்ணப்படும். நாளைக்குத் தருவதாகச் சொல்லப்பட்ட கடனுக்கு எந்த நாளிலிருந்து எண்ணுவது? சரி, பலகையைக் காட்டி, ‘இதோ எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறாரே’ என்று வாடிக்கைக்காரர் கோர்ட்டுக்குப் போனால் வெல்லுவாரா என்றால், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. பொருள் நிச்சயமில்லாததாயும், நிச்சயப்படுத்திக்கொள்ள வழியில்லாததாயும் இருக்கும் உடன்படிக்கை செல்லாது என்பது அதன் சாரம். ஆக, இவ்வாக்கியத்துக்கு உரை காண முயலுவோர் அனைவரும் ஒருவகையில் வாடிக்கைக்காரர் கட்சிக்காக உழைக்கிறவர்கள். பொருள் விளங்காத வரையில் கடைக்காரருக்கே லாபம்.

நாள் எப்போது மாறுகிறது என்ற உபகேள்வியையும் விட்டுவிடக் கூடாது. பஞ்சாங்கப்படி சூரியோதயத்தில் நாள் பிறக்கிறது; காலண்டர்ப்படி நள்ளிரவில். விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் பாக்கெட் வாங்க வருகிறவரிடம் கடைக்காரர் பஞ்சாங்கத்தைப் பின்பற்றி, ‘இன்னும் நேற்றுத்தான் நடக்கிறது’ என்று சொல்ல உரிமையுண்டு. பஸ் நிலையத்தருகில் இரவு முழுவதும் திறந்திருக்கும் டீக்கடைகளில் பன்னிரண்டு மணி அடிக்கும்போது, பலகையை எவரும் தொடாமலே அதிலுள்ள நாளை இன்றாகி, வேறொரு நாளை அவ்விடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. டீ ஆற்றுகிற கை அதற்காக நிற்பதில்லை. கிரிகோரி பாப்பரசர் 1582ஆம் ஆண்டில் பஞ்சாங்கத்தைத் திருத்தியபோது, அவர் ஆணையை உடனே ஏற்ற ஸ்பெயின் முதலிய தேசங்களில் அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாள் 15ஆம் தேதியாயிற்று. அன்றைக்குக் கடன் கேட்டு மறுநாள் வரச்சொல்லப்பட்டவன் ஒரே இரவில் பத்து நாள் வட்டியைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பான். அதே ஸ்பானியரின் மொழி பேசும் ஊர்களிலுள்ள சிறு கடைகளில், ‘இன்று கடனில்லை, நாளை உண்டு’ என்னும் பொருளுடைய பலகை இன்றளவும் தொங்குகிறது.

இத்தகைய வாக்கியங்களுக்கு மூலபுருஷர் யார் என்று தேடுகிறவர்கள் இறுதியில் பிள்ளையாரிடம்தான் போய் நிற்க வேண்டும். தம்மைப் பிடிக்க வந்த சனி பகவானிடம் தகராறு செய்யாமல், ‘இன்று போய் நாளை வா’ என்று எழுதித் தம் முதுகில் அவர் ஒட்டிவைத்துக்கொண்டார் என்றும், சனி தினந்தோறும் வந்து அதை வாசித்துவிட்டுத் திரும்பிப் போனார் என்றும் கதை வழங்குகிறது. எழுத்து முதுகில் இருந்தது என்பது கவனிக்கத் தக்கது. வாசிப்பவர் எழுதியவருடைய முகத்தைப் பார்க்க நேரிடாத இடம் அது; கடைக்காரர் தலைக்கு மேலே பலகை மாட்டப்படுவதும் இக்காரணம் பற்றியே. பெங்களூர்ப் பக்கத்தில் 1990களில், இரவில் கதவைத் தட்டும் பேய் ஒன்றை விரட்டச் சுவர்களில் ‘நாளே பா’ என்று எழுதிவைத்தார்கள். தெலுங்கு நாட்டிலும் ‘ஓ ஸ்த்ரீ ரேப்பு ரா’ என்று எழுதினார்கள். சனியும் பேயும் கடன் கேட்பவனும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பதில் கடன் கேட்பவனுக்கு வருத்தம் இருக்கலாம். ஆனால் இம்முறை பலிக்க வேண்டுமானால், வருகிறவர் படிக்கத் தெரிந்தவராகவும், படித்ததை மதிக்கிறவராகவும் இருந்தாக வேண்டும் என்ற மரியாதை இதில் அடங்கியிருக்கிறது.

இராமாயணப் போர்க்களத்து உதாரணம் இவற்றினின்றும் வேறுபட்டது. ஆயுதமெல்லாம் இழந்து நின்ற இராவணனைப் பார்த்து இராமபிரான் இன்று போய் நாளை வரச்சொன்னது ஏமாற்றுவதற்கன்று. அங்கே நாளை என்றால் நாளைதான். ஆனால் அடுத்தபடி களத்துக்கு வந்தவன் இராவணன் அல்லன். தூக்கத்திலிருந்து எழுப்பி அனுப்பப்பட்ட கும்பகருணன். நாளைக்கு வா என்று சொல்லப்பட்டவன் மறுநாள் தான் வராமல் தம்பியை அனுப்பும் வழக்கம் இலங்கையில் தொடங்கியது என்பதும், அது இன்றைக்கும் நம்முடைய தெருக்களில் அழியாமல் இருக்கிறது என்பதும் கடைக்காரர்கள் அறிவார்கள். தம்பி பாதித் தூக்கத்தில் வந்து நிற்பதும் அப்படியே.

அண்டை மொழிகளைப் பார்த்தால், மலையாளத்தார் ஏறக்குறைய நம் சொற்களையே தம் உச்சரிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஹிந்திக்காரர்களின் ‘ஆஜ் நகத், கல் உதார்’ என்பது விசேஷமானது. அவர்களுக்கு நேற்றும் ‘கல்’, நாளையும் ‘கல்’ ஆகையால், ‘இன்று ரொக்கம்; நேற்றுக் கடன்’ என்றும் அதைப் படிக்கலாம். அப்படிப் படித்தால் அது வாக்குறுதியாக இராமல், இந்தக் கடை ஏன் இந்த நிலைமைக்கு வந்தது என்பதைச் சொல்லும் சோக சரித்திரமாகி விடுகிறது.

நாளை என்பது வரவே வராது என்று முடிவுகட்ட இருந்த ஆராய்ச்சியாளர்களை ஒருமுறை சரித்திரம் திகைக்க வைத்தது. 2016ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுக்கள் அன்று நள்ளிரவு முதல் செல்லாது என்று பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். மறுநாள் பாங்குகள் ஜனங்களுக்குத் திறக்கப்படவில்லை, ஏ.டி.எம்.களும் மூடிக் கிடந்தன. கையில் செல்லாத நோட்டை வைத்துக்கொண்டு வீட்டுக்கு அரிசி இல்லாமல் நின்றவர்களுக்குத் தெருமுனைக் கடைக்காரர்கள் பலர் சாமானைக் கொடுத்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். 8ஆம் தேதி ரொக்கம், 9ஆம் தேதி கடன்: சூத்திரம் எழுத்துக்கு எழுத்து மெய்யாயிற்று. அதன்பின் சூத்திரத்தின் முற்பகுதிக்கே ஆபத்து வந்துவிட்டது. இப்போது பலகைக்குப் பக்கத்தில் கட்டம் கட்டமான கறுப்புக் கோலம் போட்ட ஓர் அட்டை நிற்கிறது. பணம் வந்து சேர்ந்ததை ஒரு சிறிய ஒலிபெருக்கி ஊருக்கெல்லாம் கூவுகிறது. ரொக்கத்தைக் கண்ணால் காணாமலே கடையைச் சாத்தும் நாட்களும் உண்டு. ஆக, ‘இன்று ரொக்கம்’ என்பது இப்போது பாதி பொய். ‘நாளை கடன்’ என்பது நெடுநாளைய பொய். இவ்விரண்டும் சேர்ந்த பலகையோ முன்போலவே மெய்யாக விளங்குகிறது. இது எவ்வாறு கூடும் என்பதற்கு விடை சொன்னால்தான் சித்தாந்தம் நிறைவேறும்.

விடை பலகையில் இல்லை; பலகைக்கு நேர் கீழே, ஆணியில் சணல் கயிறு கட்டித் தொங்கும் நீண்ட நோட்டுப் புஸ்தகத்தில் இருக்கிறது. அதன் அட்டையில் எண்ணெய்க் கறை. ஓரங்கள் விரல் பட்டுப் பட்டு மழுங்கியவை. உள்ளே பக்கத்துக்கு ஒரு பெயர். பெயர் என்றால் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயரன்று: ‘மாடி வீடு’, ‘பச்சை கேட்’, ‘டிரைவர்’, ‘டீச்சரம்மா’. அவற்றின் கீழ் பால், ரஸ்க், சோப்பு, கால் கிலோ துவரம்பருப்பு என்று வரிசையாக எழுதி, தீர்ந்த கணக்கின்மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்திருக்கும். கடன் கிடையாது என்று தகரத்தில் அறிவித்த அதே கை எழுதிய எழுத்துத்தான் இதுவும்.

வாடிக்கைக்காரர் கடையில் பேசும் பேச்சை உற்றுக் கேட்டவர்களுக்கு இந்த முரண்பாடு நொடியில் தீர்ந்துவிடும். “அண்ணாச்சி, அரை லிட்டர் பாலும் ரெண்டு ரஸ்க் பாக்கெட்டும் எழுதிக்கோங்க” என்கிறார் டீச்சரம்மா. “சரிம்மா” என்கிறார் கடைக்காரர். கடன் என்ற சொல்லை இருவரும் உச்சரிக்கவில்லை. அக்கடையில் ஒரு நாளைக்கு நடக்கும் கடன் வியாபாரம் முழுவதும் ‘எழுதிக்கோங்க’, ‘கணக்குல வச்சுக்கோங்க’ என்ற தொடர்களாலேயே நடந்தேறுகிறது. பிறகு புதிதாக அத்தெருவுக்கு வந்த ஒருவர் ஒரு பாக்கெட் சிகரெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “கடனா வச்சுக்குங்க, நாளைக்குத் தர்றேன்” என்கிறார். கடைக்காரர் வாய் திறப்பதில்லை. முகவாய்க்கட்டையை மாத்திரம் ஓர் அங்குலம் மேலே தூக்கிப் பலகையைக் காட்டுகிறார். கடன் என்று சொல்பவனுக்குக் கடன் இல்லை. எழுதிக்கொள் என்று சொல்லும் அளவுக்கு அந்தக் கடையில் இன்று இன்று என்று பல நாள் ரொக்கம் கொடுத்து வந்தவர்களுக்குக் கடன் என்ற பெயரே இல்லாமல் அது கிடைக்கிறது. முன்னால் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன நிபந்தனைப் பொருள் இங்கே வந்து பொருந்துவதைக் காண்க. சில கடைகளில் இதற்குப் பதிலாக ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று எழுதி வைக்கிறார்கள். அது பொதுவான நீதி, எல்லாரையும் சுடும். நம்முடைய ஆசிரியரோ எவரையும் சுடாமல், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக் கூசுகிற ஒரு மனிதருக்காகத் தகரத்தைப் பேசவைத்திருக்கிறார். வாக்கியபேதத்துக்கும் அத்தியந்தாபாவத்துக்கும் 29ஆவது பிரிவுக்கும் இடம் கொடுத்து, ஒன்றிலும் அகப்படாமல் நழுவும்படி அதை இயற்றிய திறமைக்காகத் தமிழ்ச் சூத்திர ஆசிரியர் வரிசையில் அவருக்கு இடம் தரவேண்டும் என்பதே நம் தீர்ப்பு.

எனவே வாசகர்களை வேண்டிக்கொள்வது யாதெனில், நேற்றைய நாளை இன்றாகிவிட்டதே என்று எந்தக் கடைக்காரரிடமும் தர்க்கம் செய்யாதீர்கள். இந்தக் கட்டுரையைக் காட்டியும் செய்யாதீர்கள். நோட்டில் உங்கள் பக்கம் இருந்தால், சம்பளம் வந்தவுடன் முதல் தேதியே போய்த் தீர்த்து, கோடு இழுக்கும் வரையில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அண்ணாச்சிக்கு ஐந்தாம் தேதி சீட்டுப் பணம் கட்ட வேண்டும்.